கீரை வடித்த தண்ணீர்

அம்மா சாந்தமேரி மலேசியாவில், கிள்ளானில் ஒரு பள்ளி கேன்டீனில் சமைத்தவர். எதையும் கொட்ட மாட்டார். அரிசி கழுவிய தண்ணீர்கூடச் செடிக்குப் போகும். நீரிழிவு அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்த பிறகு வாரம் மூன்று முறை டயாலிசிஸ்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். உடலின் பொட்டாசியம் பெரும்பாலும் செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது மிகக் கொஞ்சம். அது ஏறினால் இதயத் துடிப்பு குலையும். மிகுதியை வெளியேற்றுவது சிறுநீரகம். அது செயலிழந்தவருக்கு இயந்திரம். இயந்திரம் இல்லாத நாட்களில் வாய்க்கட்டுப்பாடு மட்டுமே.

அம்மா கட்டுப்பாடாகத்தான் இருந்தார். ஒரு நாளுக்கான தண்ணீரைக் காலையிலேயே போத்தலில் பிடித்து வைப்பார். ரசம் குடிக்கும் நாளில் அந்த அளவைப் போத்தலில் குறைத்துக்கொள்வார். தாகம் தாங்காதபோது ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வார். இளநீரை நிறுத்தினார், வாழைப்பழத்தை நிறுத்தினார், உப்பையும் நிறுத்தினார். கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அப்படிச் செய்தால் பொட்டாசியம் தண்ணீரில் இறங்கிவிடும். அவர் வடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் மாதாமாதம் பொட்டாசியம் அதிகமாகவே வந்தது. இப்படியே போனால் எந்த நேரமும் இதயம் நிற்கலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். டயாலிசிஸ் நிலையத்துத் தாதி ஜெரால்டின், ஒளித்துவைத்து வாழைப்பழம் சாப்பிடுகிறாரா என்று அம்மாவிடமே கேட்டார்.

"நான் என்ன கொரங்கா மிஸ்ஸி? வேணும்னா வீட்டுக்கு வந்து பிரிட்ஜ தொறந்து பாருங்கலா," என்றார் அம்மா.

நானும் திறந்து பார்த்தேன். பழம் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்தார். திங்கட்கிழமை காலை, டயாலிசிஸுக்குக் கிளம்பச் செருப்பு மாட்டியவர் வாசலிலேயே விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை.

அடக்கம் முடிந்தது, வந்தவர்களும் போய்விட்டார்கள். அப்பா ஸ்டானிஸ்லாஸ் பிரிட்ஜிலிருந்து ஒரு சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தார்.

"உங்கம்மா வெச்ச ரசம். கீரை வடிச்ச தண்ணில வெச்சது."

நான் அவரைப் பார்த்தேன்.

"எப்பவும் அதுலதான் வைப்பா. சத்தெல்லாம் அந்தத் தண்ணிலதான் இருக்குன்னு சொல்லுவா. கொட்ட மனசு வராது அவளுக்கு."

சத்து அதில்தான் இருந்தது. அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை, இனியும் சொல்லப்போவதில்லை.

எங்கள் இருவருக்கும் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. ஆளுக்கொரு கிண்ணம் ஊற்றிக் குடித்தோம். உப்பே இல்லை.