அசையாத எண்பத்து நாலு

பங்கு விலையைக் கொண்டுவந்து காட்டுவதுதான் என் தொழில்; அதை ஏற்றுவதும் இறக்குவதும் நான்தான் என்று திருப்பூரில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். கரன்ட் போனதற்கும் நெட் போனதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கிய கம்ப்யூட்டர்க்காரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

நிமிடத்துக்கு அறுபது

பங்குத் தரகர் அலுவலகத்தில் நான் சேர்ந்த வாரமே, முதலாளி செந்தில் அண்ணன் ஹாலில் ஒரு பெரிய டிவியை மாட்டி, நாற்பது கம்பெனிகளின் விலை அதில் தெரிய வேண்டும் என்றார். மும்பையில் ஒரு நிறுவனம் வெப் ஏ.பி.ஐ. வழியாக விலை கொடுத்துக்கொண்டிருந்தது. சமாச்சாரம் எளிதுதான். நம் ப்ரோக்ராம் இன்டர்நெட்டில் அவர்கள் முகவரிக்குப் போய், நமக்கென்று கொடுத்த கீ என்ற அடையாள எண்ணைக் காட்டி, இந்தப் பங்கு என்ன விலை என்று கேட்கும், பதில் வரும்.

ஆர்வக் கோளாறில் நாற்பதையும் நொடிக்கொரு தரம் கேட்க வைத்தேன். பத்தே நிமிடத்தில் மும்பைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். போன் போட்டால், ஒரு கீக்கு நிமிடத்துக்கு அறுபது கேள்விதான் என்றார்கள். நிமிடத்துக்கு ஒரு சுற்று, நாற்பது கேள்வி என்று மாற்றினேன். அண்ணனுக்கு மனசு ஆறவில்லை.

"பணம் கட்டித்தானே கேக்கறோம் அம்மிணி, அப்பறம் எதுக்கு எண்ணி எண்ணிக் கேக்கோணும்?"

காலிக் கட்டம்

பதில் வராத பங்கின் கட்டத்தை முதலில் காலியாகத்தான் விட்டிருந்தேன். ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கோ அது கம்பெனியையே இழுத்து மூடிய மாதிரி. அதிகம் பதறியவர் வேலுசாமி அண்ணன். வீரபாண்டியில் இரண்டு நிட்டிங் மெஷின் ஓட்டுபவர். சேமிப்பு மொத்தத்தையும் ஒரே ஸ்பின்னிங் மில் பங்கில் போட்டிருந்தார். அதை விற்று மூன்றாவது மெஷின் வாங்க வேண்டும். எங்கள் பட்டியலில் அந்த மில் முப்பத்தெட்டாவது வரிசை.

பதில் வராவிட்டால் கடைசியாக வந்த விலையே நிற்கட்டும் என்று செந்தில் அண்ணன் சொன்னார். தப்பு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு மாற்றினேன். அப்படி மாற்றச் சொல்லி அவரைக் கேட்டதே வேலுசாமி அண்ணன்தான்.

"காலியாப் பாத்தா நெஞ்சை அடைக்குது கண்ணு. பழசோ புதுசோ, ஒரு நம்பரைப் போட்டு வையுங்க."

முப்பத்தெட்டாவது வரிசை

சந்தை கீழே போய்க்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை. நல்ல மெஷின் ஒன்று விலைக்கு வந்திருந்தது. மாலைக்குள் விலை பேசி முடிக்க வேண்டும் என்று கெடு. பங்கு எண்பதில் விற்றால் மெஷின் வாங்கிவிடலாம், அதற்குக் கீழே போனால் எட்டாது. இன்னும் கொஞ்சம் ஏறட்டும், இறங்கி எண்பதைத் தொட்டால் உடனே விற்றுவிடலாம் என்று டிவிக்கு நேரே உட்கார்ந்திருந்தார் வேலுசாமி அண்ணன். டிவியில் எண்பத்து நாலு.

பன்னிரண்டு மணிக்கு, உள்ளறையில் ஆர்டர் போடும் பாலு, அந்த மில் எழுபத்தொன்று என்றான். ஹாலுக்கு ஓடினேன். டிவியில் அதே எண்பத்து நாலு. மேல் வரிசைகள் எல்லாம் மாறிக்கொண்டிருந்தன. கடைசிப் பத்து மட்டும் செத்துக் கிடந்தது. விசாரித்தால், காலையில் அவிநாசிபாளையத்தில் திறந்த கிளையில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என் ப்ரோக்ராமையே அதே கீயோடு போட்டிருந்தார் செந்தில் அண்ணன். இரண்டு இடத்திலிருந்தும் நிமிடத்துக்கு எண்பது கேள்வி. அறுபது தீர்ந்ததும் மும்பை வாயை மூடிக்கொள்ளும். கடைசி வரிசைகளுக்குப் பதிலே கிடையாது.

வேலுசாமி அண்ணனிடம் போய் நிஜ விலையைச் சொன்னேன். இன்னும் இறங்குமோ என்று பயந்து எழுபத்தொன்றுக்கே விற்கச் சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரம் ஒரே விலை நிற்கிறதே, உங்களுக்குச் சந்தேகம் வரவில்லையா என்று, என் குற்றத்தை மறந்து அவரையே கேட்டேன்.

"நூல் விலை ஒண்ணாந்தேதி சொன்னா மாசம் பூரா நிக்குமுங்க. நூல் மில்லுப் பங்குதானே, இதும் அப்படி நிக்குதுன்னு இருந்துட்டேன்."

மறுநாள்

மெஷினை வேறொருவர் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நெட் கோளாறு என்று சொல்லிவிடு என்றார் செந்தில் அண்ணன். வேலுசாமி அண்ணன் வந்ததும், முதலாளி முறைக்க முறைக்க, நெட் நன்றாகத்தான் இருந்தது, பழைய விலையைப் புதிது மாதிரி காட்டியது நான் எழுதிய ப்ரோக்ராம்தான் என்று சொல்லிவிட்டேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பத்து வருடம் சேர்த்த காசு என்று மட்டும் சொன்னார். கிளம்பும்போது என் மேஜைக்கு வந்தார்.

"தெரியலீன்னா காலியாவே உடுங்க கண்ணு. காலியா இருந்திருந்தா, உள்ள வந்து கேட்டிருப்பனே."

அதற்குப் பிறகு எத்தனையோ ப்ரோக்ராம் எழுதிவிட்டேன். விலை சொல்ல வைக்க அரை நாள் போதும், தெரியாது என்று சொல்ல வைக்கத்தான் முதலாளியிடம் ஒரு வாரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.