படகின் ஒன்பதாவது ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை புதூர்நாட்டுக்கு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தேன். நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழா. திருப்பத்தூரில் கிளம்பும்போது எத்தனை பேர் ஏறினோம் என்று எண்ணிப் பார்த்தேன். பதினேழு வரை எண்ணிவிட்டு, மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன்.

மலையில் மூன்றாவது வளைவு தாண்டியதும் டயர் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கி இல்லை!

"நேத்து ஒருத்தன் வாங்கினு போனான்... இன்னும் குடுக்கல" என்றார் டிரைவர்.

இறங்கிச் சாலையோரக் கட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தோம். எங்களுக்கு மேலே, இரண்டு வளைவு தள்ளி, ஒரு டெம்போ ஏறிக்கொண்டிருந்தது. எங்களோடு வந்த ஓர் அம்மா எழுந்து நின்றார். ஒடிசலான உடம்பு. வாயருகே கையைக் குவித்தார்.

"ஏ...ய்ய்... டெம்போ! நில்லுப்பா!"

டெம்போ நின்றது. ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நடந்து இறங்க ஆரம்பித்தார்.

நான் வாய் பிளந்து பார்த்ததைக் கண்டு பக்கத்தில் இருந்த இளம்பெண் சிரித்தாள். "எங்க அம்மாதான் சார். பூங்காவனம். இதே தொண்டை எனக்கும் இருக்குதுன்னுதான் ஸ்காட்லாந்துல என்னை யுனிவர்சிட்டி கிளப்புல சேர்த்துக்கிட்டாங்க."

தொண்டைக்கும் கிளப்புக்கும் என்ன சம்பந்தம்? பாட்டு கிளப்பா?

"இல்ல சார்... படகுப் போட்டி."

விடுவேனா நான்? ஜாக்கி வந்து சேரும்வரை வேறு வேலையும் இல்லையே!

பெயர் கௌசல்யா. மண்ணியலில் மேற்படிப்புக்காக உதவித்தொகையில் போனவள். விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அங்கே போய் முதல் இரண்டு மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லையாம். நம்முடைய இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்துவிடுவார்களோ என்ற பயம். அது மட்டுமல்ல. மலையை விட்டு இறங்கிக் கீழே காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோதே, "மெதுவா பேசுடி, காது கிழியுது" என்று கூடப் படித்தவர்கள் கிண்டல் செய்து செய்து, குரலைச் சின்னதாக்கி வைத்திருந்தாள்.

ஒரு நாள் பெரிய ஹால் ஒன்றில் எல்லா விளையாட்டு கிளப்புக்காரர்களும் மேஜை போட்டு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்களாம். "குளிருக்கு உள்ள போனேன் சார். பீட்சாவும் சும்மா குடுத்தாங்க" என்றாள். உண்மையைச் சொல்கிற பெண்!

படகு கிளப் மேஜையில் நெடுநெடுவென்று ஒருவன். பெயர் ஜேமி. கேப்டன். இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவன் கேட்ட முதல் கேள்வி... "உன் எடை எவ்வளவு?"

"எனக்குக் கோவம் வந்துருச்சு. பொண்ணு பார்க்க வர்றவங்ககூட அதைக் கேக்க மாட்டாங்க!"

அவன் அவசரமாக விளக்கினான். நீளமான படகில் எட்டுப் பேர் துடுப்புப் போடுவார்கள். எட்டுப் பேருக்கும் போகிற திசை தெரியாது. முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். ஒன்பதாவதாக ஒரே ஓர் ஆள் மட்டும் முன்னால் பார்த்து உட்கார்ந்து, சுக்கானைத் திருப்பியபடி, குரல் கொடுத்து ஓட்ட வேண்டும். அவருக்குப் பெயர் காக்ஸ். அவர் எடை குறைவாக இருக்க வேண்டும், சத்தமாகக் கத்த வேண்டும். கௌசல்யா நாற்பத்து மூன்று கிலோ.

"கத்திக் காட்டு" என்றானாம். "எந்த மொழியா இருந்தாலும் சரி."

சுற்றிலும் நூறு பேர். இவள் தயங்கினாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, எதிர்ச்சரிவில் மேய்கிற மாட்டைக் கூப்பிடுவது போல ஒரு சத்தம் கொடுத்தாள். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜேமி பேனாவை நீட்டினான்.

நன்றாகத்தானே போகிறது என்கிறீர்களா? கையெழுத்துப் போட்ட பிறகுதான் நிபந்தனையைப் பார்த்தாள். போட்ட உடுப்போடு ஐம்பது மீட்டர் நீந்திக் காட்டினால்தான் படகில் கால் வைக்க முடியும். இவளுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு தண்ணீருக்கு மேல் இறங்கியதே இல்லை.

"அப்பவே போய்ட்டு வர்றேன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம் சார். ஆனா அந்தச் சத்தத்தை ஒருத்தன் வேணும்னு கேட்டது அன்னிக்குத்தான். விட மனசு வரல."

மூன்று வாரம், காலை வகுப்புக்கு முன்னால் நீச்சல் குளம். முதல் வாரம் முழுக்க மூக்கில் தண்ணீர். சோதனை நாளில் முப்பது மீட்டர் வரை போனாள். அங்கே கை ஓய்ந்து, ஓரத்துக் கம்பியைப் பிடித்துவிட்டாள். தோல்வி. உடுப்பு மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். வெளியே வந்து, "வேற ஆளைப் பார்த்துக்கோ" என்று ஜேமியிடம் சொன்னாள்.

அவன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அடுத்த புதன்கிழமையும் குளம் இங்கேதான் இருக்கும்" என்றானாம்.

அடுத்த புதன்கிழமை, ஐம்பது மீட்டர். தேர்ச்சி!

இதில் ஒரு வார்த்தைகூட அம்மாவுக்குத் தெரியாது. படகில் எடுத்த வீடியோவை உறவுக்காரர் ஒருவர் காட்டித்தான் தெரிந்திருக்கிறது. பூங்காவனத்தம்மாள் இங்கே குறுக்கிட்டார்.

"எட்டுத் தடிப்பசங்க நடுவுல, ஆத்துல, தனியா உக்காந்துனு இருக்கறா சார்! போன் போட்டு, 'இன்னாடி இது, படிக்கப் போனியா, படகு ஓட்டப் போனியா?'ன்னு கேட்டேன். சிரிக்கறா."

சிரிப்பு எப்போதும் இல்லை. குளிர்காலத்தில் ஒரு காலை, ஆற்றின் மேல் பனிமூட்டம். காக்ஸுக்கு ஒரு மைக் உண்டு. அன்றைக்குப் பேட்டரி செத்துவிட்டது. வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, மூட்டத்துக்குள்ளிருந்து பெரிய மரம் ஒன்று மிதந்து வந்தது. பார்த்தது இவள் மட்டும். பயிற்சியில் படித்த இங்கிலீஷ் கட்டளை நாக்கில் வரவே இல்லை.

"நிறுத்து...!" என்று கத்தினாள். தமிழில்.

எட்டுத் துடுப்பும் ஒரே நொடியில் தண்ணீரில் குத்தி நின்றன. மரம் படகின் மூக்குக்கு ஒரு கை தூரத்தில் நகர்ந்து போனது.

யாருக்கும் அந்த வார்த்தை தெரியாது. எல்லோருக்கும் அந்தக் குரல் புரிந்தது. எனக்கு ஒரு சந்தேகம்... நாம் ஒளித்து வைத்துக்கொண்டு வெட்கப்படுகிற விஷயங்களில் எத்தனை, ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு படகுக்குத் தேவைப்படுகின்றனவோ? நாமாகப் போய் மேஜை முன் நிற்காவிட்டால் அது எப்படித் தெரியும்?

அந்த வாரமே வகுப்பில் முதல் தடவையாகக் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டாளாம் கௌசல்யா. பேராசிரியர், "இரண்டு மாதமாக நீ எங்கே இருந்தாய்?" என்றாராம்.

"போட்டியில ஜெயிச்சீங்களா?" ஆர்வம் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"ஆறு படகு வந்துச்சு சார். நாங்க அஞ்சாவது" என்றாள், முகத்தில் ஒரு வருத்தமும் இல்லாமல். "ஆறாவது படகு கரையில மோதிருச்சு."

ஜாக்கி வந்துவிட்டது. டிரைவர் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். பூங்காவனத்தம்மாள் மட்டும் ஏதோ யோசனையில் இருந்தார். பிறகு மகளிடம் கேட்டார்.

"அந்த எட்டு பேரும் முன்னாடி இன்னா இருக்குதுன்னு பார்க்காம எப்படிடி இழுக்கறாங்க? பயமா இருக்காது?"

"நானும் ஜேமிகிட்ட அதைத்தாம்மா கேட்டேன். 'நீ பார்க்கறியே, அப்புறம் நாங்க எதுக்குப் பார்க்கணும்?'ன்னுட்டான்."

 அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏண்டி... நாப்பத்தஞ்சு வயசுல நீச்சல் வருமா?" என்றார்.

நானும் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு!