பொதட்டூர்பேட்டைப் புதையலும் ஒரு மஞ்சள் முடிச்சும்

1. பார்த்ததா, கேட்டதா?

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த சமயம். திருத்தணி தாலுகா ஆபீசில் நான் புது ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஊர் வாயில் ஆர்.ஐ. பொதட்டூர்பேட்டையில் ஒரு நெசவாளி வீட்டில் புதையல் கிடைத்திருப்பதாக மணியக்காரரிடமிருந்து தகவல் வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பட்டாவோடும் வரப்புத் தகராறோடும் மாரடித்துக்கொண்டிருந்தவனுக்குப் புதையல் கேஸ் என்றால் சும்மாவா? சைக்கிளை எடுக்கும்போது தாசில்தார் கூப்பிட்டு நிறுத்தினார்.

“யோவ், அங்க ஆயிரம் கத சொல்லுவானுங்க. பார்த்தத ஒரு பக்கம் எழுது, கேட்டத ஒரு பக்கம் எழுது. ரெண்டையும் கலந்துகினு வந்து நிக்காத.”

ராஜம்மா என்ற விதவை குடியிருந்த வாடகை வீடு அது. கணவர் காலராவில் போனபின் தறி சும்மா கிடந்தது. அதை எடுத்து ஓட்ட வந்த புது ஆள் நெட்டைக் கால்காரர். உட்கார்ந்தால் முட்டி இடித்தது. கால் தொங்கவிடும் தறிக்குழியை ஆழப்படுத்தக் கடப்பாரை போட்டபோது பித்தளைச் சொம்பு தட்டுப்பட்டது. உள்ளே ஒரு காசுமாலை, ஓர் அட்டிகை, மஞ்சள் துணியில் சின்னதாக ஒரு முடிச்சு.

நான் போய்ச் சேருமுன்பே ஊர் கதையை முடித்துவிட்டது. வெள்ளைக்காரனுக்குப் பயந்து ஓடிய பாளையக்காரர் ஏழு சொம்பு புதைத்தாராம். பூதம் காவலாம். அந்தப் பூதத்தைக் கட்டிய கட்டுதான் மஞ்சள் முடிச்சாம், அவிழ்த்தவன் ரத்தம் கக்குவானாம். நீங்கள் பார்த்தீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். எங்க நைனா சொல்வாரு, எங்க பாவா சொன்னாரு என்றார்கள். கேட்ட பக்கம் நிரம்பி வழிந்தது. பார்த்த பக்கத்தில் ஒரு சொம்புதான் இருந்தது.

2. நகையின் வயசு

ராஜம்மா அழவில்லை, கோபமாக இருந்தாள்.

“பூதமும் இல்ல, பாளையமும் இல்லீங்க. என் மாமியா நகைங்க. ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பயந்துகினு எங்க வூட்டுக்காரரு பொதச்சிட்டாரு. எங்கன்னு கேட்டா, பொம்பள வாயில நிக்காதுன்னாரு. சொல்லாமயே பூட்டாரு.”

நகை இல்லை என்றே அவள் மகளுக்கு வந்த சம்பந்தம் இரண்டு முறை தட்டிப்போயிருந்தது. இப்போது மூன்றாவது வரன் வாசல்வரை வந்திருந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் செங்கல்வராயன் ஒரு தட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தட்டார் நகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இந்தக் காலத்து வேலையே இல்லை என்றார். செங்கல்வராயன் முகம் மலர்ந்தது. சொந்தக்காரர் தெரியாத பழைய புதையல் என்றால் சட்டப்படி மனைக்காரருக்குப் பங்கு உண்டு, சர்க்காரும் நகையை எடுத்துக்கொள்ளலாம். சமீபத்தில் புதைத்தது என்றால் வாரிசு வாங்கிக்கொண்டு போகலாம். உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளூரப் பாளையக்காரர் மேல்தான் ஆசை. பேப்பரில் பெயர் வருமே!

ஆனால் பார்த்த பக்கத்தைப் பார்த்ததும் ஒன்று உறைத்தது. நகை பழசுதான். பழைய நகையை நேற்றுப் புதைக்கக் கூடாதா? நகையின் வயசு வேறு, புதைத்த வயசு வேறு. முடிச்சில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

“தெரியாதுங்க. எங்க ஜனம் எத பத்திரப்படுத்தினாலும் சாமிக்கு நேந்து ஒண்ணு முடிஞ்சி வெப்பாங்க. திருத்தணி மலையில, முருகன் எதிர்லதான் அத அவுக்கணும்.”

பூதத்துக்குப் பயந்த செங்கல்வராயனுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. சொம்புக்கு அரக்கு சீல் வைத்தேன்.

3. மலைமேல்

மறுநாள் காலை பாதி ஊர் எங்களோடு படியேறியது. சந்நிதிக்கு முன்னால் சீலை உடைத்து முடிச்சைக் குருக்களிடம் கொடுத்தேன். அவர் நிதானமாக அவிழ்த்தார். உள்ளங்கையில் விழுந்தது ஓர் ஓட்டைக் காலணா! செம்புக்குப் பஞ்சம் வந்து, சண்டைக் காலத்தில்தானே நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்கள்? எந்தப் பாளையக்காரர் அதைக் கண்டார்? எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. செங்கல்வராயன் காசைக் கையில் வாங்கி ஓட்டை வழியாகப் பார்த்தார். பிறகு மெதுவாக, “ராஜம்மாதுதான்” என்றார். பார்த்த பக்கத்தின் அடியில் அவரிடமே முதல் கையெழுத்து வாங்கினேன்.

சாட்சிகள் கையெழுத்துப் போட்டு முடித்ததும் ராஜம்மா காசைக் கேட்டாள். நேர்ந்த காசு, தடுக்க மனம் வரவில்லை. உண்டியலில் போட்டாள். அப்போதுதான் அழுதாள்.

ஆபீசில் என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, “எவிடென்ஸ் எங்கய்யா?” என்றார் தாசில்தார்.

“முருகன் உண்டியல்ல சார். பார்த்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க, எதிர்க்கட்சி உள்பட.”

அவர் சிரித்துக்கொண்டே மேலே அனுப்பினார். நகை ராஜம்மாவுக்கே என்று உத்தரவு வந்தது. அதே மலையில் ராஜம்மா மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அட்டிகை கழுத்தில் இருந்ததை நான் பார்த்தேன்.

ரிட்டயர் ஆனபின் ஒருநாள் ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இதே கதையைச் சொன்னார். ஏழு சொம்பும் கிடைத்ததாம், ஆறை ஒரு ஆர்.ஐ. அமுக்கிக்கொண்டு போனானாம். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“பார்த்தவரே சொன்னாருங்க” என்றார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, அந்தப் ‘பார்த்தவரை’ நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் ஆறு சொம்பு எங்கே என்று அவரிடம் கேட்க வேண்டும்.