வேதா அக்காவும் ஊரார் மெமரி கார்டுகளும்

என் மூத்த ஓரகத்தி வேதா கல்யாணமாகி அடி அண்ணாமலைக்கு வந்தபோது, சீர் வேனிலிருந்து பீரோ, கட்டில், மிக்சி எல்லாம் இறங்கிய பிறகு ஒரு கம்ப்யூட்டரும் இறங்கியதாம். அவளுக்குப் பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் குடும்பம். ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் டைப் அடித்துச் சேர்த்த சம்பளத்தில் அவளே வாங்கியது அது. ஒரு வருஷம் கழித்துச் சின்ன மருமகளாக நான் வந்தபோதும் ஊர் அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. நான் கொண்டுவந்த கிரைண்டரை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் உண்டு, மறைப்பதற்கில்லை.

கம்ப்யூட்டருக்கு முதல் சீக்கு என் வீட்டுக்காரரால் வந்தது. யாரோ நண்பனிடமிருந்து பாட்டு சிடி ஒன்றை வாங்கிவந்து போட்டார். நாலு பாட்டு ஒழுங்காகப் பாடியது. அப்புறம் தானாக அணைந்தது, தானாக எழுந்தது, மறுபடி அணைந்தது. டவுனிலிருந்து வந்த மெக்கானிக் 'வைரஸ்' என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தான். துடைத்ததில் அக்கா தன் தோழிகளோடு எடுத்துக்கொண்ட படங்களும் போய்விட்டன. இரண்டு நாளைக்கு என் வீட்டுக்காரர் தட்டில் மட்டும் குழம்பில் உப்பு ஜாஸ்தியாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் அந்த மெஷினுக்கு இருந்த காவல் கொஞ்சநஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமைதோறும் முழு ஸ்கேன். அது ஓடி முடிகிறவரை யாரும் மவுஸைத் தொடக்கூடாது. ஆன்டிவைரஸ் என்று ஒன்றைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம், புதிதாக முளைக்கிற வைரஸ்களின் அடையாளம் அதற்கு அவ்வப்போது தெரிய வேண்டுமாம்.

"திருடன் மூஞ்சி தெரியாத வாட்ச்மேன வெச்சிக்கினு இன்னா பண்றது தமிழு?" என்பாள். தமிழ்செல்வி என்ற என் பேர் அவள் வாயில் அவ்வளவுதான் வரும்.

எங்கள் வீட்டில் அப்போது இன்டர்நெட் கிடையாது. அவள் பஸ் ஏறி டவுனுக்குப் போய், பிரவுசிங் சென்டரில் அந்த அப்டேட்டை பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வருவாள். ஒருமுறை அந்த பென் டிரைவிலேயே வைரஸும் தொற்றிக்கொண்டு வந்துவிட்டது. மருந்து வாங்கப் போய் நோயை வாங்கி வந்த கதை. அதற்கப்புறம் எதைச் செருகினாலும் ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் செருகுவாள். அப்படிச் செய்தால் உள்ளே இருப்பது தானாக ஓட ஆரம்பிக்காதாம். பிறகு ஸ்கேன். சுத்தம் என்று வந்தால்தான் திறப்பாள். வெளியே போய்வந்தவர்கள் காலைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் வருகிற மாதிரிதான் இதுவும்.

2007 வாக்கில் கிரிவலம் வருகிறவர்கள் கையிலெல்லாம் டிஜிட்டல் கேமரா ஏறியது. பாதி மலை சுற்றி எங்கள் ஊருக்கு வரும்போது பாதிப் பேருக்கு மெமரி கார்டு நிரம்பிவிடும். 'கேமரா படங்கள் சிடியில் ஏற்றித் தரப்படும்' என்று அக்கா ஓர் அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனங்கள் எங்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கால் ஆறுவார்கள். நான் சுண்டல் விற்பேன். அவள் உள்ளே படங்களைச் சிடியில் ஏற்றிவிட்டு, கார்டைக் காலி செய்து கொடுப்பாள்.

வருகிற கார்டுகளில் நிறைய வைரஸ் இருக்கும். ஆனால் அதை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். காரணம் எங்கள் மாமியார் வெள்ளையம்மாள். மலை சுற்றுகிறவர்கள் காதில் கெட்ட சேதி விழக்கூடாது என்பது மாமியார் போட்ட சட்டம். பஸ் போய்விட்டது என்றுகூடச் சொல்லக்கூடாது. அடுத்த பஸ் வரும் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அக்கா சத்தமில்லாமல் வைரஸை அழித்துவிட்டு, சிரித்த முகமாகச் சிடியை நீட்டுவாள். வந்தவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள். இப்படியே எத்தனையோ பௌர்ணமி நல்லபடியாகப் போனது.

தை மாசப் பௌர்ணமி ஒன்று. பொழுது சாய்கிற நேரம். திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். அந்தப் பெண்ணின் இடுப்பில் ஆண் குழந்தை. மொட்டைத் தலை நிறையச் சந்தனம். புருஷன் கார்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நான் சுண்டல் மடித்துக் கொடுப்பதற்குள் அந்தப் பெண் எல்லாக் கதையையும் சொல்லிவிட்டாள். பேர் பாஞ்சாலை. பல வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. பிறந்த முடியைக் கத்தரி படாமல் வளர்த்து, காலையில்தான் இங்கே வந்து இறக்கினார்களாம். அதற்கு முன்னால் சடை பின்னி, பூ வைத்து, ஆள் மாற்றி ஆள் மடியில் வைத்துப் படம் எடுத்தார்களாம். கேமராவே அதற்காகப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. டவுனில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போடக் கொடுத்தபோது, கார்டைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துவிட்டு, கூட்டம் ஜாஸ்தி, நாளைக்கு வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

"முடி இன்னொரு வாட்டி மொளைக்கும். பொறந்த முடி வராது இல்ல? அது அந்தப் படத்துலதான் இருக்குது" என்றாள் பாஞ்சாலை.

உள்ளே அக்கா வழக்கம்போல ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு கார்டைச் செருகி, ஸ்கேன் விட்டாள். படங்கள் இருந்த ஃபோல்டரின் பேரைக் காட்டி, அதுதான் வைரஸ் என்றது ஆன்டிவைரஸ். கை பழக்கத்தில் அழி என்று கொடுத்தாள். அப்புறம் கார்டைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. ஒரு படம்கூட இல்லை.

சுண்டல் எடுக்க நான் அடுக்களைக்குப் போன நேரம், அக்காவும் அங்கே வந்தாள். என்னிடமும் மாமியாரிடமும் விஷயத்தைச் சொன்னாள். அவள் புருஷன் தருமன் மாமாவும் அங்கேதான் இருந்தார். கார்டு ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிடு, அவர்களுக்கு என்ன தெரியப் போகிறது என்றார் அவர். நடக்கிறவர்களை அழவைத்து அனுப்பாதே என்று மாமியாரும் அதையே வேறு மாதிரி சொன்னார். அக்கா இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.

"முடிய எடுத்தது சாமிக்கு. படத்த அழிச்சது நானு. நான்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். கார்டில் வைரஸ் இருந்தது, கேட்காமல் அழித்தேன், படமும் சேர்ந்து போய்விட்டது. என்னால் அந்தப் பெண்ணைப் பார்க்க முடியவில்லை. பாஞ்சாலை அழவில்லை, திட்டவும் இல்லை. பிள்ளையின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் புருஷன்தான், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழித்திருக்கலாமே என்றார். அக்கா கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

பாஞ்சாலை புருஷனிடம், "மொட்டையோடயாவது ஒண்ணு எடுங்க. அதான் கார்டு காலியாயிடுச்சே" என்றாள்.

அவர் கார்டைக் கேமராவில் போட்டு, பிள்ளைக்கு நேராகப் பிடித்து அமுக்கினார். எடுக்கவில்லை. மறுபடி அமுக்கினார்.

"இடமில்லன்னு வருது" என்றார்.

அக்கா சட்டென்று நிமிர்ந்து, கேமராவைக் கொடுங்கள் என்று கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டாள். ஒன்றுமில்லாத கார்டில் எப்படி இடமில்லாமல் போகும்? உள்ளே ஓடினாள். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். இவள் அழித்தது படங்களை அல்ல. அந்த வைரஸ் உண்மையான ஃபோல்டரை ஒளித்து வைத்துவிட்டு, அதே பேரில், அதே முகத்தில் தான் உட்கார்ந்திருந்தது. ஆன்டிவைரஸ் அந்தப் போலியைத்தான் அழித்திருக்கிறது. மறைத்து வைத்த ஃபைல்களையும் காட்டு என்று அக்கா ஏதோ ஓர் இடத்தில் மாற்றிவிட்டாள். திரையில் மங்கலாக ஒரு ஃபோல்டர் வந்தது. திறந்தாள். தலை நிறைய முடியும் உச்சியில் கனகாம்பரமுமாகப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தான்.

அதுவரை அழாத பாஞ்சாலை அப்போதுதான் அழுதாள். அக்காவும் அழுதாள். எனக்கு மட்டும் கண்ணில் என்ன, கல்லா?

எதற்கும் இருக்கட்டும் என்று அக்கா இரண்டு சிடி போட்டுக் கொடுத்தாள். ஊரில் அதை எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் முதலில் ஸ்கேன் பண்ணச் சொன்னாள். அந்த ஸ்டூடியோவிலும் போய்ச் சொல்லிவிடுங்கள், அவர்கள் மெஷினிலிருந்துதான் வந்திருக்கும் என்றாள். புருஷன் சிடிகளைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தார். பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்ட பிறகு நின்று அக்காவைப் பார்த்தார்.

"கார்டு ரிப்பேர்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேங்க. கேமராவத் திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி எப்படியும் கார்ட மொத்தமா அழிச்சிட்டுத்தான் குடுத்திருப்பேன்" என்றார்.

தருமன் மாமா தலையைக் குனிந்துகொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். மாமியார் வாசலிலேயே நின்று, அவர்கள் கூட்டத்தில் கலக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் பெஞ்சில் வேறொரு ஆள் வந்து உட்கார்ந்து கேமராவிலிருந்து கார்டைக் கழற்றினார். மாமியார் அவரிடம் போய்க் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"இதுல கெட்டது எதுனா இருந்தா என் மருமவ சொல்லுவா" என்றார். "கேட்டுக்கினு போப்பா."