கிருமி இல்லாத சிறுநீர்

அந்தத் தாயை முதலில் பார்த்தபோது, அவள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைக் கைக்குட்டையில் பொதிந்து பிடித்திருந்தாள். உள்ளே அவளுடைய மூன்று வயது மகளின் சிறுநீர். போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளுபவள். நான்கு நாள் காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பழவங்காடிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த சிறிய லேபுக்கு வந்திருந்தாள். நுண்ணோக்கியில் சீழணுக்கள் நிறையத் தெரிந்தன. பாக்டீரியா ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் பார்த்ததை எழுதுவதுதான் என் வேலை, எழுதிக் கொடுத்தேன். டாக்டர் சிறுநீர்த் தொற்று என்று மருந்து தந்தார்.

இரண்டு நாள் கழித்து, சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டை வாங்க வந்தாள். பிள்ளையின் கண்கள் சிவந்திருந்தன. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது.

"கிருமி ஒண்ணும் வளரல" என்றேன்.

"அப்ப நல்லதுதானே சேச்சி? ஆனா பனி விடலையே." காய்ச்சலை அங்கே பனி என்றுதான் சொல்வார்கள்.

"மருந்து முடியட்டும், விட்டுரும். பேடிக்காண்டாம், பயப்படாத."

டாக்டர் சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். டாக்டரின் அறைக்கு முன்னால் நீண்ட வரிசை. அவளுக்கு மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். என் பேச்சை நம்பி, அவரைப் பார்க்காமலே போய்விட்டாள்.

காய்ச்சல் பிறகு தானாகவே விட்டது. பிள்ளையின் விரல் நுனிகளில் தோல் உரிந்ததாம். சூட்டினால் என்று நினைத்திருக்கிறாள். நான்காவது வாரம், எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை அப்படியே சரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. இதயத்தின் ரத்தக் குழாய் புடைத்து, உள்ளே ரத்தம் கட்டியிருந்ததைப் பிரேதப் பரிசோதனையில் கண்டார்கள். பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு அங்கிருந்து ஒரு டாக்டர் எனக்குப் போன் செய்தார். காவசாக்கி நோய் என்றார். அது ரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்குமாம். விடாத காய்ச்சலோடு கண் சிவப்பதும் உதடு வெடிப்பதும் அதன் அடையாளங்களாம். சிறுநீரில் கிருமி இல்லாமலே சீழணுக்கள் வரலாமாம். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளைக்குள் கண்டுபிடித்திருந்தால் இதயத்தைக் காக்க மருந்து இருந்தது.

ரிப்போர்ட்டின் நகலை வாங்க அவளே வந்தாள்.

"அன்னிக்கு இதப் பாத்து யாருக்காச்சும் தெரிஞ்சிருக்குமா சேச்சி?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றேன்.

"நான் மருந்து நேரம் தவறாமக் குடுத்தேன். என் தப்பு இல்லல்லோ?"

"இல்ல."

அவளுடைய ஒரு கேள்விக்குப் பொய்யும் மற்றதற்கு உண்மையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒருத்திதான் சேச்சி, நின்னு என்கிட்ட பேசினது."

இப்போதெல்லாம் காய்ச்சலோடு வரும் குழந்தைகளின் சிறுநீரில் சீழணு இருந்து கிருமி இல்லையென்றால், உடனே டாக்டரை அழைத்துச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு பெண்குழந்தை அப்படித்தான் பிழைத்தது. அதன் அப்பா லட்டு கொண்டுவந்தார். வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

போனக்காட்டுக்குப் போய் அந்தத் தாயிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். சொன்னால் பாரம் குறைவது எனக்கு மட்டும்தான். அதனால் போகவில்லை.