வீடு முழுக்க ஜலதோஷம்

மஞ்சளைக் கொளுத்தி அதன் புகையை மூக்கில் இழுப்பார்கள் என்று கல்யாணம் ஆகும்வரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. என் பிறந்த வீட்டில் சளி பிடித்தால் ஒரு மாத்திரை, ஒரு போர்வை, அத்தோடு வைத்தியம் முடிந்தது. சேலையூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் மழைக்காலத்தில் நான் இரண்டு தும்மல் போட்டேன். மூன்றாவது வருவதற்குள் என் மாமனார் ஒரு விரலி மஞ்சளின் நுனியை விளக்குச் சுடரில் காட்டிக் கருக்கி, புகை சுருண்டு சுருண்டு வர, அதை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார்.

"இழும்மா. நல்லா உள்ள இழு. ஒண்ணும் ஆகாது."

இழுத்தேன். நெற்றிக்குள் யாரோ அடுப்பு மூட்டிவிட்ட மாதிரி இருந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, இருமி இருமிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல குடும்பம் என்று சொல்லித்தானே கட்டிக்கொடுத்தார்கள், இதென்ன கொடுமை என்று நான் வெலவெலத்துப் போனேன். அதைவிட எரிச்சலான விஷயம், கொஞ்ச நேரத்தில் மூக்கு உண்மையாகவே திறந்துகொண்டது.

மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மழைக்காலம் தொடங்கிவிட்டால் அவருக்கு மறுபடி வேலை கிடைத்த மாதிரி. காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு மாடம்பாக்கம் பக்கம் போய், காலி மனைகளின் ஓரத்தில் நிற்கும் நொச்சியை ஒடித்துக்கொண்டு வருவார். அது ஆவி பிடிக்க. நெற்றிக்குச் சுக்குப் பத்து. மார்புக்கு இளஞ்சூட்டில் தேங்காய் எண்ணெய். காலை மாலை கஷாயம். கஷாயத்தை அவரேதான் வைப்பார், என்னை நம்பி விடமாட்டார். சுக்கு, மிளகு, திப்பிலி, துளசி எல்லாம் தட்டிப்போட்டுக் கடைசியில் கருப்பட்டி. கருப்பட்டி விழுந்ததும் அது புசுபுசுவென்று பொங்கி அடுப்பு முழுக்க வழியும். துடைக்கிற வேலை மட்டும் என்னுடையது.

மாத்திரை, ஊசி, சொட்டு மருந்து எதற்கும் அந்த வீட்டில் இடமில்லை. அதற்குக் காரணம் இருந்தது. நான் வருவதற்கு முன்பே, சாதாரணக் காய்ச்சல் என்று போன என் மாமியாருக்குப் போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் முடிந்துபோனது. அதைப் பற்றி மாமனார் பேசி நான் கேட்டதில்லை, என் கணவர்தான் சொன்னார். அதன்பிறகு நான் மஞ்சள் புகையைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் எனக்கும் அவருக்கும் சண்டை போட வேறு விஷயங்கள் இல்லாமல் போகவில்லை. அதில் ஒன்று தீப்பெட்டி. அடுப்புக்கு லைட்டர் இருந்தது. சாமி விளக்குக்கு மட்டும்தான் தீப்பெட்டி. அதை நான் ஹாலில் சாமி அலமாரிக்குப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைப்பேன், கைக்கு எட்டுகிற இடம் என்று. மழைச்சாரலில் அது ஊறிவிடும். "ஒரு தீப்பெட்டியைக் காய்ஞ்ச இடத்துல வைக்கத் தெரியாதா?" என்று தினமும் ஒரு பாட்டு. நானும் வேண்டுமென்றே அங்கேயே வைப்பேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். என் மகளுக்கு மூன்று வயது. விடாத மழையில் முதலில் அவளுக்குச் சளி பிடித்தது, அவளிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து என் கணவருக்கு, கடைசியில் வைத்தியரான மாமனாருக்கே வந்துவிட்டது. வீடு முழுக்க ஜலதோஷம். நால்வரும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நடமாடினோம். சாம்பாரில் பெருங்காயம் போட்டேனா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருநாள் பால் அடிப்பிடித்துக் கருகி, புகை கண்ணில் பட்ட பிறகுதான் நான் அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எங்களில் ஒருவருக்காவது அப்போது புத்தி வந்திருக்க வேண்டும்.

எத்தனை நாள்தான் பொறுப்பது? காய்கறி வாங்கப் போனபோது கேம்ப் ரோடு மெடிக்கல் கடையில் மூக்குக்கு விடுகிற சொட்டு மருந்து ஒன்று வாங்கினேன். "ரெண்டு மூணு நாளைக்கு மேல போடாதீங்கக்கா, பழகிடும். குழந்தைக்கு இது வேணாம்," என்று கடைக்காரப் பையன் எச்சரித்துக் கொடுத்தான். அதைக் கொண்டுவந்து பாத்ரூமில் சோப்புத் தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இருபத்தெட்டு வயதுப் பெண் சிகரெட் ஒளித்து வைக்கிற பையன் மாதிரி.

அன்று மத்தியானமே கரண்ட் போய்விட்டது. ஊதக்காற்று குழந்தைக்கு ஆகாது என்று மாமனார் காலையிலிருந்து திறந்திருந்த எல்லா ஜன்னல்களையும் சாத்தி, வாசல் கதவுக்கும் கொல்லைக் கதவுக்கும் அடியில் பழைய துணியைச் சுருட்டி அடைத்திருந்தார். நான்கு மணிக்கே வீட்டில் இருட்டு கவிந்துவிட்டது. அவர் கஷாயத்தை அடுப்பில் ஏற்றி, கருப்பட்டியைப் போட்டு, தீயைக் குறைத்துவிட்டு ஹாலுக்கு வந்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தட்டிக்கொடுத்தார். என் கணவர் உள்ளறையில் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். இதுதான் சமயம் என்று நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன்.

தலையை அண்ணாந்து இரண்டு பக்கமும் விட்டேன். தொண்டையில் கசப்பு இறங்கியது. அப்படியே சுவரில் சாய்ந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் திறந்தது, பிறகு மறுபக்கம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. சோப்பு மணத்தது. பினாயில் மணத்தது. கதவைத் திறந்து வெளியே வந்ததும் கொடியில் காயாமல் தொங்கிய துணிகளின் முடைநாற்றம் அடித்தது. அதைக்கூட ஆசையாக இழுத்து மூச்சு விட்டேன்.

அடுத்த மூச்சில் கேஸ்.

ஒரு நிமிடம் எனக்கு அது என்னவென்று புரியவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? இத்தனை நாள் வாசனையே இல்லாமல் இருந்துவிட்டு, வந்த வாசனை மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டடி வைத்தேன். அழுகிய முட்டைக்கோஸ் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிய மாதிரி நாற்றம் முகத்தில் அறைந்தது. சமையலறையில் அடுப்பு எரியவில்லை. நீலமாக ஒரு சுடரும் இல்லை. ஹாலில் இருட்டுக்குள் மாமனாரின் குரல் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தது.

"இதோ ஆச்சு கண்ணு. தாத்தா விளக்கு ஏத்திட்டு மஞ்சள் சுட்டுத் தரேன். ஒரே இழுப்பு, மூக்கு திறந்துக்கும், சரியா?"

மடியில் என் குழந்தை. முட்டியருகில் மஞ்சள் துண்டு. அவர் கையில் தீப்பெட்டி.

நான் எப்படி அந்த ஹாலைத் தாண்டினேன் என்று தெரியாது. "மாமா, கேஸ்! கிழிக்காதீங்க!" என்று கத்தினேன். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு கத்தல் கத்தியதில்லை. அவர் கையை ஓங்கித் தட்டிவிட்டேன், தீப்பெட்டி எங்கோ போய் விழுந்தது. குழந்தையை ஒரு கையால் பிடித்து இழுத்தேன். அவள் வீறிட்டாள். என் கணவர் உள்ளறையிலிருந்து தட்டுத்தடுமாறி எழுந்து வந்து, "என்ன, என்ன ஆச்சு?" என்று செல்போனைத் தேடினார், டார்ச் அடிக்க.

"எதையும் அமுக்காதீங்க! குழந்தையைத் தூக்கிட்டு வெளிய போங்க! மாமாவையும் கூட்டிட்டுப் போங்க!"

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நான் சொன்னதை அந்த இரண்டு ஆம்பிளைகளும் மறுபேச்சு இல்லாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு சமையலறைக்குள் போனேன். கஷாயம் பொங்கி வழிந்து பர்னரை அணைத்துவிட்டிருந்தது. திருகு திறந்தபடியே இருந்தது. மழைச் சத்தத்தில் அந்த 'உஸ்' எப்படிக் கேட்கும்? அடுப்பை மூடி, சிலிண்டரையும் மூடி, கொல்லைக் கதவின் துணியைக் காலால் எத்தித் தள்ளிக் கதவை விரியத் திறந்தேன். அப்போதுதான் மூலையில் இருந்த பிரிட்ஜ் கண்ணில் பட்டது. கரண்ட் வந்தால் அது தானாக ஓட ஆரம்பிக்கும். ஹாலில் எந்த ஸ்விட்சைப் போட்டபடி விட்டிருக்கிறோமோ அந்த விளக்கெல்லாம் எரியும். எந்த நொடியும் வரலாம். மழையில் ஓடி, வீட்டைச் சுற்றி வந்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த மெயினை இழுத்து இறக்கினேன். அதன்பிறகு ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நால்வரும் அந்த மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எந்த ஊதக்காற்று குழந்தைக்கு ஆகாது என்று வீட்டையே அடைத்து வைத்தாரோ அந்தக் காற்று எங்கள் மேல் அடித்துக்கொண்டிருந்தது. மகளின் கையில் என் விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது. அவள் அழுது முடித்து, எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள். என் கணவர் அவளை இறுக்கிக்கொண்டார். மாமனார் வலது கையை மூடியபடி மடியில் வைத்திருந்தார்.

கரண்ட் வந்தது. தெரு விளக்குகள் எரிந்தன, எதிர் வீட்டு டிவி சத்தம் போட்டது. எங்கள் வீடு மட்டும் வாயைப் பிளந்த கதவுகளோடு இருட்டாக நின்றது. பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், மொத்த குடும்பமும் மழைல குந்திகினு கீறீங்க? வூட்ல கரண்ட் வர்லியா?"

"வரும்," என்றார் மாமனார்.

பால்காரர் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "நம்ம யாருக்கும் மூக்கு வேலை செய்யலயேம்மா. உனக்கு மட்டும் எப்படி வாசனை தெரிஞ்சுது?"

மஞ்சள் புகை நேற்றுத்தான் பலித்தது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அந்த நேரத்தில் பொய் சொல்லும் தெம்பு என்னிடம் இல்லை. இடுப்பில் செருகியிருந்த குப்பியை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். "மெடிக்கல்ல வாங்கினேன் மாமா. பாத்ரூம்ல ஒளிச்சு வெச்சிருந்தேன். இப்பதான் விட்டுக்கிட்டு வந்தேன்."

என் கணவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மாமனார் அந்தக் குப்பியைப் பார்த்தபடியே இருந்தார். அவர் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் திட்டட்டும் என்றும் இருந்தேன். ஆனால் அவர் மெதுவாக மூடியிருந்த வலது கையை என் முன்னால் திறந்தார்.

உள்ளங்கையில் இரண்டு தீக்குச்சிகள் இருந்தன. இரண்டின் மருந்தும் ஈரத்தில் ஊறி, கூழாகி, பாதி உரிந்து போயிருந்தது.

"நீ கத்தறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை கிழிச்சுட்டேன்மா," என்றார். "பத்தல. மூணாவதை எடுக்கும்போதுதான் நீ வந்தே."

நான் காப்பாற்றிவிட்டேன் என்றல்லவா இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் குச்சிகளைக் கீழே போடவில்லை. அவற்றையே பார்த்தபடி சொன்னார்: "ரெண்டு தடவையும் உன்னைத்தான் திட்டினேன். தீப்பெட்டியைத் திரும்பவும் ஜன்னல்லயே வெச்சிருக்காளேன்னு."