வால்வுக்கு வைத்த பொட்டு

பழைய ரேடியோவுக்குள் பல்பு மாதிரி இருக்கும் வால்வு சூடேறும்போது அதன் கண்ணாடிமேல் படிந்த தூசு கருகி ஒரு வாசனை வரும். கடலையை வறுக்கும்போது கொஞ்சம் தீய விட்டுவிட்ட மாதிரி இருக்கும். எழுபதுகளில், திருத்தணியில் மலைக்குப் போகும் தெருவில் இருந்த எங்கள் வீட்டில், ஞாயிறு என்றால் அந்த வாசனைதான். ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்த என் நைனாவுக்கும், அரக்கோணத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த அவருடைய சிநேகிதர் ரஹீம் பாய்க்கும், காயலான் கடையில் கிடக்கும் பழைய மீட்டர்களைத் தேடிப் பிடித்து உயிர் கொடுப்பதில் அப்படி ஒரு பைத்தியம். அப்படித் தூக்கிவந்த ஒரு வால்வு வோல்ட்மீட்டரை இருவரும் மாதக்கணக்கில் நோண்டி ஓடவைத்திருந்தார்கள். அது இங்கே ஒரு வாரம், அங்கே ஒரு வாரம் என்று இரண்டு வீட்டுக்கும் பொதுப் பிள்ளையாக இருந்தது.

அதன் பின்மூடியை மட்டும் நான் தொடக்கூடாது. "கரண்ட்ட நிறுத்திட்டாலும் உள்ள கண்டென்சர் புடிச்சி வெச்சிகினு இருக்கும், அடிச்சிதுன்னா தூக்கிப் போட்டுடும்" என்பார் நைனா.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது என் வேலை. பதினோரு வயது, எங்கே நிறுத்துவது என்று தெரியாத வயது. ஸ்பேனர், சைக்கிள், அரிவாள்மணை எல்லாம் முடித்து மீட்டருக்கு வந்தபோது, பின்மூடி ஒரே திருகில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே வைத்தால் அது தகரத்துக்கு வைத்த பொட்டுதானே, வேலை செய்வதெல்லாம் உள்ளே இருப்பதல்லவா என்று எனக்குத் தோன்றிவிட்டது. அடிப்பாவி! மூடியை நகர்த்தி, தண்ணீராகக் கரைத்த சந்தனத்தைத் தொட்டு மூன்று வால்வுக்கும் பொட்டு வைத்து, குங்குமமும் வைத்து, மூடியைப் பழையபடி சாய்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல வந்துவிட்டேன்.

மறுநாள் விஜயதசமிச் சுண்டலுக்கு வந்த பாய், தன் முறை என்று மீட்டரை எடுத்துப் போனார். அடுத்த ஞாயிறு அதோடு வந்தவர், வாசலில் என்னைப் பார்த்ததும் குனிந்து, "வால்வுக்குப் பொட்டு வெச்சது நீதானே கண்ணு? ஈரத் துணியால நல்லா தொடச்சிட்டேன். நைனாகிட்ட சொல்லமாட்டேன், பயப்படாத" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

"முள்ளு ஒரு எடத்துல நிக்கமாட்டுது அண்ணே" என்று அவர் சொன்னதும், நைனா மூடியைக் கழற்றி வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். அந்தக் கால வால்வில் அது எந்த வகை என்று காட்டும் எண்ணைக் கண்ணாடிமேல் வெறும் மையால் அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றில் அழுத்தித் துடைத்தால் துணியோடு வந்துவிடும். முன்பு இருந்த எண் மூன்றிலும் இல்லை. பாயை எப்போதும் "நீங்க" என்றே பேசும் நைனா அன்று கேட்டார்: "பூஜைக்கு மொத நாள் நல்லா இருந்துச்சே பாய். நம்ம வால்வ உருவிகினு, செத்த வால்வ சொருகி எடுத்தாந்துட்டியா?"

பாய் கதவோரம் நின்ற என்னை ஒருதரம் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. நான் சொல்வேன் என்று காத்திருந்தார். எனக்கு வாயில் கொழுக்கட்டை. முதுகில் விழப்போகும் அடி ஒன்றுதான் நினைப்பில் இருந்தது. பாய், பாதி குடித்த டீயைக் கீழே வைத்துவிட்டு, "நான் வரேன் அண்ணே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"நெல்லைக் கொட்டினா அள்ளிக்கலாம், சொல்லைக் கொட்டிட்டு வந்து நிக்கிறீங்களே" என்று அம்மா ஆற்றாமல் சொன்னாள். நைனா கேட்டுக்கொள்ளவில்லை.

வேறு வால்வு வாங்கிப் போட்டும் முள் நிற்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு ஒருநாள், வால்வுகளுக்குக் கீழே இருந்த திருகு சுவிட்சைப் பிரித்துப் பார்த்தார். அதன் தகடுகளுக்கு நடுவே, வழிந்து காய்ந்த சந்தனம்; அதில் ஒரு பொட்டுக் குங்குமச் சிவப்பு. அதன் வழியாகத்தான் இத்தனை நாளும் கரண்ட் கசிந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டார். வாசலில் பாய் சொன்னது உட்பட எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் அடிக்கவில்லை. "பொட்டு வெச்சியே, அது கொழந்த புத்தி. அந்த மனுசன் உன் மூஞ்சியப் பாத்துகினு நின்னாரே, அப்பகூட வாயத் தொறக்கலியே பாப்பா" என்றார். அடித்திருந்தால் ஆறியிருக்கும்.

அன்றே ரயிலேறி அரக்கோணம் போய்வந்தார். பாய் டீ வாங்கிக் கொடுத்தாராம், "வுடுங்க அண்ணே, வால்வ தொடச்சது நான்தானே" என்றாராம். ஆனால் அதன்பிறகு ஒரு ஞாயிறும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நைனாவும் தனியாக உட்கார்ந்து எந்த மீட்டரையும் பிரிக்கவில்லை.

என் கல்யாணத்துக்கு மட்டும் பாய் வந்தார். தாடி நரைத்திருந்தது. "நல்லா இருக்கியா கண்ணு?" என்று கேட்டார். "ஆங், நல்லா இருக்கேன் பாய்" என்றேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தெரிந்தும் கேட்கவில்லை. புகுந்த வீட்டார் பக்கத்தில் நிற்கிறார்களே என்று இருந்தது. இருபத்திரண்டு வயதில்! அதற்குக் குழந்தை புத்தி என்று யார் சொல்வார்?

இப்போது அரக்கோணத்தில் பாயின் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். நைனாவும் இல்லை, பாயும் இல்லை. போன மாதம் அந்தக் கடைமுன் நின்றபோது, "இன்னா வேணும்க்கா?" என்று கடைக்காரப் பையன் கேட்டான். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.